லோரிச் சத்தம் மறையும் வரை

பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் சந்தில் யாரும் மெதுவாகப் பேசமாட்டார்கள். ஆண்களில் பாதிப்பேர் படகோட்டிகள். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் கொண்டுபோவது அப்பாவின் வேலை. எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகியவர், சோற்றுக்கு உப்புக் கேட்டாலும் சந்து முழுக்கக் கேட்கும். படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டுதான் கதவுகளுக்கும். சீனர் வீடு, மலாய்க்காரர் வீடு, எங்கள் வீடு, எல்லாம் ஒரே பச்சை. காற்றில் எப்போதும் டீசலும் கருவாடும்.

கடலுக்குப் போகிறவர் படியிறங்கியதும் அங்கே கதவைச் சாத்தமாட்டார்கள். படகின் சத்தம் தேய்ந்து காதுக்கு எட்டாமல் போகவேண்டும். அதற்கு முன் சாத்தினால், திரும்பி வராதே என்று சொன்னதாகிவிடும். அம்மா ஈரக் கையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

கல்யாணமாகி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தும் நான் அதை விடவில்லை. கணவர் காய்கறி லோரி ஓட்டுகிறார். விடியும்போது எங்கள் லய வீட்டு வரிசைக்குக் கீழிருந்து கிளம்புவார். ஆனால் மலையில் சத்தம் தேய்வதில்லை. ஒரு வளைவில் மறையும். சாத்தப் போவேன். அடுத்த வளைவில் மறுபடி கேட்கும்.

போன வாரம் மகளுக்கு இருமல். திறந்த கதவு வழியே பனி உள்ளே வந்தது.

"கதவ சாத்துமா. பனி உள்ள வந்து குடும்பம் நடத்துது" என்றார் மாமியார்.

"லோரி சத்தம் இன்னும் கேக்குதும்மா."

"அது மலையடியில தாப்பா டவுனு போற வரைக்கும் கேக்கும்லா. உன் புருஷன் ஓட்டுறது லோரியா, கப்பலா?"

மடியில் பிள்ளை இருமினாள். மழைக்கால மலைப்பாதையில் அவர். யாருக்காகப் பயப்படுவது என்று தெரியாமல் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"புள்ள இருமுறது இங்கயே கேக்குது. சாத்துடி."

"அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

அம்மா அபூர்வமாகக் குரலைத் தாழ்த்தினார். "நீ பொறந்த வருஷம் பூரா நான் சாத்தித்தான் வச்சேன். உனக்குச் சளி. உங்கப்பாவுக்குத் தெரியாது, சொல்லிடாத."

சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்ட பிறகும் கீழ் வளைவில் லோரி ஒருமுறை உறுமியது. மதியத்துக்குள் இருமல் தணிந்தது. கதவாலா, மருந்தாலா, தெரியவில்லை. மாலையில் அவர் வந்து கதவைத் தட்டும்வரை கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை.

அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்னமும் யோசிக்கிறேன்.