வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்து

எண்பதாம் வருடம் என் வீட்டுக்காரருக்குக் காலில் ஆணி குத்திச் சீழ் வைத்துவிட்டது. எடமலைப்பட்டி புதூரிலிருந்து பஸ் ஏறி, திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் ஒரு வெற்றுத் தாளை நீட்டினாள். இதில் என்ன எழுதுவீர்கள் என்ற கேள்வி வாய்வரை வந்தது.

அதற்குள் அவள், "கைநாட்டா, கையெழுத்தாம்மா?" என்றாள்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். ரோஷத்தில் பெயரை முழுதாக எழுதிக் கொடுத்தேன்.

பென்சிலின் ஊசி போட்ட சற்று நேரத்தில் அவர் முகம் வீங்கி மூச்சுத் திணறியது. மாற்று ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள்.

"டெஸ்ட் பண்ணாம போடலாமாங்க?" என்று பக்கத்துப் படுக்கைக்காரர் எனக்காகக் கேட்டார்.

"பண்ணினோமே. இந்தம்மாவே கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்று டாக்டர் அமைதியாகத் தாளைக் காட்டினார்.

என் பெயருக்கு மேலே, 'சோதனை ஊசி போட்டார்கள், தடிப்பு இல்லை' என்று எழுதியிருந்தது. அப்படி யாருமே போடவில்லை. என் வீட்டுக்காரர் செத்திருந்தாலும் அந்தத் தாள் அதையேதான் சொல்லியிருக்கும்.

இப்போது எந்தத் தாளையும் எழுத்துக் கூட்டிப் படித்த பிறகே கையெழுத்திடுகிறேன். காலி இடம் இருந்தால் குறுக்கே கோடு போட்டுவிடுகிறேன். யாராவது அவசரப்படுத்தினால், "எனக்குப் படிக்கத் தெரியும்ங்க, மெதுவாத்தான் வரும், இருங்க" என்கிறேன்.