ஏலக்கார வேட்பாளர்

வில்பிரட் அண்ணாச்சி பேசும்போது எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்ப்பதில்லை, விரலைப் பார்க்கிறார். டீக்கடையில் யாராவது மூக்கைச் சொறிந்தால்கூட அவர் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிவிடும். மீன் ஏலம் கூறிக் கூறி வந்த பழக்கம். தூத்துக்குடிக் கடற்கரையில் சீலா மீன் குவியலுக்கு நடுவே நின்றுகொண்டு, யார் விரல் அசைகிறது என்று கண்டுபிடித்து, அவர் கேட்ட விலையை அவரைவிடச் சத்தமாகச் சொல்வதுதான் தொழில். தன் விலை என்று ஒன்றை அவர் இதுவரை சொன்னதில்லை. சொல்லிவிட்டால் ஏலக்காரனை எவன் நம்புவான்?

இந்தத் தேர்தலில் அண்ணாச்சி சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்கிறார். அவருக்குக் காதோரம் மட்டும்தான் முடி. கிடைத்த சின்னமோ சீப்பு.

"முடியில்லாத மனுசனுக்குச் சீப்பு, கொள்கையில்லாத மனுசனுக்கு நோட்டீசு. பொருத்தமாத்தான் இருக்கு," என்கிறார் மனைவி விஜிலா, அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்துக்கொண்டே.

அண்ணாச்சிக்குக் கோபம் வருவதில்லை. "ஏளா, நல்லாச் சிரி. சிரிச்சவ எதுத்து ஓட்டுப் போடமாட்டா."

கொள்கை இல்லை என்பது அபாண்டம். நோட்டீசின் இரண்டு பக்கமும் கொள்கைதான். ரசாயன ஆலை ஓட வேண்டும். கழிவு மட்டும் கடலுக்கு வரக்கூடாது. துறைமுகம் விரிய வேண்டும், கரை அரிக்கக்கூடாது. உப்பளத்துப் பெண்களுக்குக் கூலி ஏற வேண்டும், ஆனால் அளத்து முதலாளிகளுக்கு அதனால் ஒரு சங்கடமும் வந்துவிடக்கூடாது. படித்துப் பார்த்தவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை என்பதில் அண்ணாச்சிக்குத் தனிப் பெருமை.

வாக்குக் கேட்கப் போன இடங்களில் மட்டும் தொழில் கொஞ்சம் குறுக்கே வந்துவிடுகிறது. தெற்கே ஒரு கடற்கரைக் குடியிருப்பில், "அலை வந்து வீட்டுச் சுவத்தை இடிக்கி. ஒரு தூண்டில் வளைவு கட்டித் தாங்க," என்று ஒருவர் விரலை நீட்டினார். அலையை மறிக்கக் கடலுக்குள் கட்டும் கல் சுவரைத்தான் சொன்னார். அண்ணாச்சியின் குரல் தானாக மேலே ஏறிவிட்டது.

"தூண்டில் வளைவு ஒண்ணு! ஒண்ணு கேக்காவ!"

பின்னாலிருந்து இன்னொரு விரல் எழுந்தது.

"ரெண்டு! ரெண்டு கேக்காவ, ரெண்டுக்கு மேல உண்டா?"

உண்டு. மூன்றும் வந்தது. "ஓய், போதும் வே! இன்னும் ஏத்துனா நாங்க வல்லம் விட வழியிருக்காது," என்று நாட்டுப்படகு வைத்திருந்த ஒரு பெரியவர் கத்திய பிறகுதான் நிறுத்தினார். மூன்று சுவர் என்று முடிந்தது. கை தட்டினார்கள்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் நோட்டீசில் இடம் கிடைக்கவில்லை. விசைப்படகுகள் கரையோரம் வரை வந்து வலை இழுப்பதைத் தடுப்பதா, வேண்டாமா? விசைப்படகு மீனும், வல்லம் என்கிற சிறு நாட்டுப்படகு மீனும் அண்ணாச்சியின் குரலில்தான் விலைபோகின்றன. அவருடைய தம்பி இனிகோ வல்லக்காரர். போன வாரம் ஒரு விசைப்படகு, அவர் கரையோரம் விரித்திருந்த வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. வல்லம் மணலில் கிடக்கிறது.

பிரச்சாரத்தின் கடைசி நாள் காலையில் இனிகோ அண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, புது வலை வாங்கித் தான்னு உங்கிட்ட கேக்கல. சாயங்காலம் மைக்குல ஒரு வார்த்தை சொல்லு. விசைப்படகு கரைப்பக்கம் வரப்படாதுன்னு. நீ சொன்னா மத்த வேட்பாளரும் சொல்லித்தான் ஆவணும். இல்லன்னா இந்தத் தொழிலை நான் எப்படிச் செய்ய?"

"சொல்லாம இருப்பனா லே? நீ என் கூடப்பொறந்தவம்லா!"

மத்தியானம் விசைப்படகு உரிமையாளர் ஹென்றி வந்தார். அவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடித்தார்.

"வில்பிரட்டு, அந்தப் பேச்சை எடுக்கமாட்டீருல்லா?"

"எடுப்பனா வே? நீரு நம்ம ஆளு!"

ஹென்றி வாசலைத் தாண்டியதும் அடுப்படியிலிருந்து விஜிலாவின் குரல் வந்தது. "ஒரே மீனை ரெண்டு பேருக்கு முடிச்சு விட்டுட்டீங்களே. சாயங்காலம் எவன் கூடையில போடுவீங்க?"

அண்ணாச்சி மிளகைக் கடித்துக்கொண்டே குரலைச் சரிபார்த்தார்.

கூட்டத்தில் முன்வரிசை நாற்காலிகளில் ஹென்றியும் கூட்டாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக வல்லக்காரர்கள் நின்றார்கள். பேச்சில் ஆலை வந்தது, துறைமுகம் வந்தது, உப்பளம் வந்தது. அண்ணாச்சி நன்றி சொல்லும் இடத்துக்கே வந்துவிட்டார். அப்போது இனிகோ மேடையில் ஏறினார். கையில் அறுந்த வலை.

"அண்ணே, எல்லாத்துக்கும் சொல்லிட்ட. இதுக்கு என்ன சொல்லுத?"

மைக் அதையும் வாங்கி ஊருக்குச் சொன்னது. அண்ணாச்சி முன்வரிசை விரல்களைப் பார்த்தார், ஓரத்தில் நின்றவர்களின் விரல்களைப் பார்த்தார். இனிகோ காத்திருந்து பார்த்தார். பிறகு வலையைத் தூக்கி அண்ணன் கழுத்தில் போட்டார். காய்ந்த பாசி சட்டையெல்லாம் உதிர்ந்தது.

அண்ணாச்சி வலையை இரண்டு தோளிலும் சமமாக இழுத்துவிட்டுக்கொண்டார். பொன்னாடை போர்த்தப்பட்டவரின் சிரிப்போடு ஹென்றி இருந்த பக்கம் ஒரு தடவை, வல்லக்காரர்கள் நின்ற பக்கம் ஒரு தடவை கும்பிட்டார். போட்டோ எடுப்பவர் மேடைக்கு அருகில் வரும்வரை கையை இறக்கவில்லை.