ஜிபூத்தியில் இறந்த துரைசாமி

1. வந்தவர் கேட்டது

அஞ்சலையம்மாள் என் வீட்டுக்கு வந்த அன்று எனக்குக் காய்ச்சல். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன். கிருமாம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒதியம்பட்டு வரை வந்திருந்த அந்த எழுபத்தைந்து வயது அம்மாள் வாசற்படியை விட்டு நகரவில்லை. துணைக்கு மகன் செல்வம் வந்திருந்தார்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரர் இந்தப் பக்கத்தை ஆண்ட காலத்துப் பதிவேடுகளைப் புரட்டி, பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றுகளைத் தேடியெடுத்து மொழிபெயர்த்துக் கொடுப்பேன். முப்பத்தைந்து வருடம் செய்தேன். தேடி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமைதான் குறி. தாத்தா எப்படி வாழ்ந்தார், எப்படிச் செத்தார் என்பதில் அவர்களுக்கு அக்கறை கிடையாது. முத்திரை குத்திய காகிதம் கிடைத்தால் போதும். இந்த அம்மாள் அந்த ரகம் இல்லை.

"எங்கப்பா கப்பல் வேலைக்குப் போனாரு சார். அப்ப நான் ரெண்டு வயசுக் கொழந்த. போனவரு போனவருதான். இன்னா ஆனாருன்னு ஒரு தகவலும் இல்ல. சைகோன்ல ஒருத்திய சேத்துக்கினு அங்கியே தங்கிட்டாருன்னு ஊரே பேசிச்சி. எங்கம்மா நம்பல. செத்த நாள் தெரிஞ்சா எம் புள்ள திதி குடுப்பான். வேற ஒண்ணும் வாணாம்."

அவருடைய அம்மா கடைசி வரை பொட்டை அழிக்கவில்லை. அவர் இறந்தபோது, தாலியைக் கழற்றிவிட்டு எடுங்கள் என்று சில உறவுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். "எங்கண்ணன் செத்தத எவன்டா பாத்தான்?" என்று சித்தப்பா துரைசாமி குறுக்கே நின்று, மஞ்சள் குங்குமத்தோடு அனுப்பி வைத்தாராம். துரைசாமி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பாகூரில் இருந்த துண்டு நிலத்தில் நெல் போட்டு அண்ணன் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அவர் இறந்தும் இருபது வருடம் ஆகிறது. கொள்ளி வைத்தது செல்வம்தான். வருடா வருடம் திதி கொடுப்பதும் அவர்தான்.

2. ராமலிங்கம் என்று யாரும் இல்லை

அப்பா பெயர் ராமலிங்கம். எட்டு மாதம் தேடினேன். கப்பல் ஆட்களின் பட்டியலைப் பார்த்தேன், மாலுமிகள் பதிவேட்டைப் பார்த்தேன், பிரான்சில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு மெயில் மேல் மெயில் போட்டேன். அப்படி ஒருவர் கப்பலேறியதாகவே தெரியவில்லை. பாகூர்ப் பதிவேட்டில் அவர் பிறந்ததற்கும் பதிவு இல்லை.

எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. போன் செய்து, "பெயரைச் சரியாகத்தான் சொல்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"பெத்த அப்பன் பேரு எனக்குத் தெரியாதா? இன்னா சார் பேசறீங்க?"

கேட்டிருக்கக் கூடாது. சரி, தம்பியின் பதிவாவது இருக்கிறதா பார்ப்போம் என்று துரைசாமியின் பிறப்புப் பக்கத்தை எடுத்தேன். இருந்தது. பக்கத்தின் ஓரத்தில் வேறு மையில் ஒரு குறிப்பும் இருந்தது. கப்பல் சமையல்கட்டு உதவியாளர் துரைசாமி, ஜிபூத்தி துறைமுக மருத்துவமனையில் காய்ச்சலால் இறந்தார் என்று எழுதி, தேதி போட்டிருந்தார்கள்.

பாகூரில் நாற்று நட்டுக் கிழவராகிச் செத்தவர், வாலிப வயதில் ஆப்பிரிக்கக் கரையில் எப்படிச் சாவார்? எழுத்தர் யாரோ தப்பாக எழுதிவிட்டார் என்று பக்கத்தை மூடினேன். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோது சட்டென்று உறைத்தது. மறுபடியும் போன் செய்தேன்.

"உங்கள் அப்பா எந்த ஊரில் பிறந்தார் அம்மா?"

"தலப்பிரசவம் இல்லியா? பாட்டி அவங்க அம்மா வூட்ல பெத்தாங்க. கடலூர்ப் பக்கம்."

அவ்வளவுதான் விஷயம். அன்று கடலூர்ப் பக்கம் இங்கிலீஷ்காரன் எல்லை, பாகூர் பிரெஞ்சுக்காரன் எல்லை. தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறந்ததால் அண்ணனுக்குப் பிரெஞ்சுப் பதிவு கிடையாது. இரண்டாவது பிள்ளை பாகூரில் பிறந்ததால் தம்பிக்கு உண்டு. பிரெஞ்சுக் கப்பலில் வேலைக்குக் காகிதம் வேண்டும். தம்பியின் காகிதத்தை வாங்கிக்கொண்டு, தம்பியின் பெயரிலேயே அண்ணன் கப்பல் ஏறிவிட்டார். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் இதை மனதில் வைக்க வேண்டும். தேடுகிற ஆள் அகப்படவில்லை என்றால், அவருடைய அம்மாவின் பிறந்த வீடு எந்த எல்லையில் இருந்தது என்று முதலில் கேளுங்கள்.

3. முகம்

துரைசாமி என்ற பெயரில் மறுபடியும் மெயில் போட்டேன். மூன்று வாரத்தில் மாலுமிக் கோப்பின் நகல் வந்தது. போட்டோவும் இருந்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு நானே கிருமாம்பாக்கம் போனேன்.

அஞ்சலையம்மாள் வெகுநேரம் அதைப் பார்த்தார். "இது சித்தப்பா இல்ல. அவருக்கு மூஞ்சியெல்லாம் அம்மத் தழும்பு," என்றார். பிறகு போட்டோவை மகனுடைய முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். அதே நெற்றி, அதே காது. பார்த்துக்கொண்டே அழுதுவிட்டார்.

"ஒரு வருசம்கூட முழுசா ஆவல சார். கப்பலேறின வருசமே செத்திருக்காரு. எவ கூடயும் போவல. எங்கம்மா சொன்னதுதான் சரி."

பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஆவணி தேய்பிறை தசமி என்று எழுதிக் கொடுத்தேன். அந்த இடத்தில் நான் எழுந்து பஸ் பிடித்திருக்க வேண்டும்.

4. கைநாட்டு

என்னிடம் இன்னொரு தாளும் இருந்தது. மெரி என்று சொல்வோமே, கொம்யூன் என்ற அன்றைய ஊராட்சியின் அலுவலகம், அதன் பழைய காகிதக் கட்டு ஒன்றில் கிடைத்தது. ஜிபூத்தியிலிருந்து வந்த சாவுச் செய்தியை வீட்டாரிடம் ஒப்படைத்ததற்கான ரசீது. முழு முடிச்சையும் அவிழ்த்துவிட்ட பெருமை எனக்கு. எல்லாவற்றையும் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன்.

"இறந்தவரின் அண்ணன் ராமலிங்கம் நேரில் வந்து பெற்றுக்கொண்டார்." கீழே ஒரு கைநாட்டு.

செல்வத்துக்குப் புரியவில்லை. "தாத்தாதான் செத்துட்டாரே சார், அவரு எப்பிடி வந்து வாங்குவாரு?"

வீட்டில் அப்போது இருந்த ஒரே ஆண்பிள்ளை துரைசாமி. தான் செத்துப்போனதாக வந்த செய்தியை, அண்ணன் பெயரைச் சொல்லி அவரே வாங்கியிருக்கிறார். காகிதத்தை இரவல் கொடுத்த குற்றத்துக்கு ஜெயிலில் போடுவார்கள் என்ற பயமாக இருந்திருக்கும். பிறகு பிரெஞ்சுக்காரனும் போய்விட்டான், பயமும் போயிருக்கும். ஆனால் ஒரு வருடம் மறைத்ததை இரண்டாம் வருடம் எந்த வாயால் சொல்வது? அப்படியே ஆயுசு ஓடிவிட்டது. இதையெல்லாம் நான் மளமளவென்று விளக்கினேன். நான் பேசி முடித்தபோது அஞ்சலையம்மாள் போட்டோவைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

5. அதற்குப் பிறகு

ஆவணியில் அப்பாவுக்குத் திதி கொடுத்தார்கள். மார்கழியில் செல்வம் போன் செய்தார்.

"சார், அடுத்த வாரம் சின்ன தாத்தா திதி. இந்த வருசம் வாணாம்னு அம்மா சொல்லுது. நீங்க கொஞ்சம் வந்து பேசிப் பாருங்க."

போனேன். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அஞ்சலையம்மாள் என்னை உட்காரச் சொன்னார்.

"உங்களை வளர்த்தவர் அம்மா அவர்," என்றேன்.

"வளத்தாரு. இல்லன்னு சொல்லல. தோள்ல தூக்கிக்கினு போயி பள்ளிக்கூடத்துல சேத்தாரு. கண்ணாலம் பண்ணிக் குடுத்தாரு. ஆனா எங்கம்மா தெனம் சாயங்கால பஸ்ஸு வந்து நின்னா எழுந்து ரோட்டப் பாப்பாங்க சார். ஊருல உள்ளவ எல்லாம் சிரிப்பாளுங்க. அவரும் பக்கத்துலயே குந்திக்கினு பாத்துக்கினுதான இருந்தாரு, தெரிஞ்சிக்கினே?"

கீரையை முறத்தில் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இத எங்கிட்ட நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம் சார்."

பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் ரசீதைப் பையிலேயே வைத்துக்கொண்டு, "இன்னொரு தாளும் இருக்கிறது அம்மா, வாசிக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருடையது. என் திறமையைக் காட்டுகிற அவசரத்தில் அதைப் பறித்துக்கொண்டேன். தேடத் தெரிந்த அளவுக்கு எனக்குக் கொடுக்கத் தெரியவில்லை. அந்த மார்கழியிலும் அடுத்த மார்கழியிலும் துரைசாமிக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆளில்லை.