எட்டுச் சிலிண்டர் புளுகு

அருளானந்தனின் காரில் முன் சீற்றில் இருந்தவர் என்று எவரும் கிடையாது. நானும் இரண்டு கோடை காலம் கோயிலுக்குப் பின் சீற்றில்தான் போய்வந்தேன். முதல் நாள் முன் கதவில் கை வைத்தபோது, "தங்கேஸ்வரியக்கா, குறை நினைக்காதையுங்கோ. அது சிவமலருக்கு" என்றான். சீற்றின் பிளாஸ்ரிக் உறையைக்கூட அவன் கழற்றியிருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நோர்வேயில், குரோருட்டில் ஒரே கட்டடத்தில் பத்து வருடம் இவனுக்குக் கறி கொடுத்தவள் நான்.

அருளானந்தன் பஸ் டிப்போவில் மெக்கானிக். 2003இல், சண்டை ஓய்ந்திருந்த நேரம், யாழ்ப்பாணம் போய் சிவமலர் என்ற ரீச்சரைக் கட்டினான். இருபது நாளில் தனியே திரும்பி வந்தான். சனிக்கிழமைகளில் தொலைபேசியில் குடித்தனம். ஒற்றை அறையும் சாப்பாட்டுப் பெட்டியுமாக வாழ்ந்தவனுக்குப் பெருமையாகச் சொல்ல என்ன இருந்தது? காரைப் பற்றிச் சொன்னான். 67ஆம் ஆண்டு ஷெவர்லே இம்பாலா, கூறைச்சேலைச் சிவப்பு, எட்டுச் சிலிண்டர், ஸ்ரார்ட் பண்ணினால் பக்கத்து வீட்டு யன்னல் அதிரும் என்றெல்லாம் சொன்னான்.

உண்மையில் அது ஒரு நோர்வேக்கார விவசாயியின் கொட்டிலிலிருந்து இழுத்து வந்த சாம்பல் நிறத் தகரம். இருந்ததோ ஆறு சிலிண்டர், அதுவும் இறுகிப் போயிருந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் கெட்டிக்காரனும் இல்லை. ஆனாலும் எட்டு மாதம் தாங்கியது.

பிறகு விசாவுக்கான நேர்முகம் வந்தது. கணவரிடம் என்ன வாகனம் இருக்கிறது என்று கொழும்பில் கேட்டார்கள். சிவமலர் பெருமையாகச் சிவப்புக் கார் என்றாள். அதே கேள்வியை இங்கே இவனிடம் கேட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பொய் சொல்ல இவனுக்கு வராது. சாம்பல் நிறம், ஓடாது என்றான். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்களாகத் தெரியவில்லை என்று மறுப்புக் கடிதம் வந்தது.

கடிதத்தோடு என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து இருந்து அழுதான்.

"நானே வாயாலை கெடுத்துப்போட்டன் அக்கா."

"சிவமலருக்குச் சொன்னனியோ?"

"ஓம். எல்லாம் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னவ?"

"'அப்ப சிவப்பாக்குங்கோ' எண்டவ."

அந்த நிமிடமே எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

மேன்முறையீடு ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். அமெரிக்காவிலிருந்து எட்டுச் சிலிண்டர் எஞ்சின் கப்பலில் வந்தது. டிப்போ நண்பன் ஒருவனோடு சங்கிலி கட்டித் தூக்கி இறக்கினான். நீண்ட முன் சீற்றைக் கழற்றிவிட்டு, தனித்தனியாக இரண்டு போட்டான். நிறம் சரிவர வேண்டுமென்று என் கூறைச்சேலையையே இரவல் கேட்டான். பெயின்ற் அடிக்கிற நோர்வேக்காரன் அதை மடியில் வைத்துக்கொண்டு மூன்று தரம் கலந்து பார்த்தானாம். எஞ்சின் முதன்முதலாக இரைந்த அன்று, யாழ்ப்பாணத்துக்கு அழைத்துக் கைபேசியைப் புகைக்குழாயடியில் பிடித்தான். எங்கள் கட்டடமே எட்டிப் பார்த்தது.

2006 ஆவணியில் சண்டை மறுபடி தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கான பாதையைப் பூட்டினார்கள். சில வாரம் தொலைபேசியும் இல்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி, இனி அவள் வரப்போவதில்லை என்று கோயிலில் கதைத்தார்கள். நான் குப்பை போடப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். எஞ்சினை இயக்காமல் ஸ்ரியரிங்கின் முன்னால் இருப்பான். வலது கை பக்கத்துச் சீற்றின் பிளாஸ்ரிக் உறைமேல் கிடக்கும். முன் சீற்றுக் கோபம் அங்கேயே போய்விட்டது.

கடைசியில் மேன்முறையீடு வென்று, 2007 வைகாசியில் சிவமலர் வந்தாள். விமான நிலையத்துக்கு நானும் போனேன். ஒரு பெட்டியோடு வெளியே வந்தவள் காரைக் கண்டு நின்றாள். கதவைத் தடவிப் பார்த்தாள்.

"சிவப்புத்தான்" என்றாள்.

அன்று காலையில்தான் உறையைக் கழற்றியிருந்தான். ஓடிப்போய் வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தான். அவளோ ஊர்ப் பழக்கத்தில் இடப்பக்கம் போய், கதவைத் திறந்து ஏறி இருந்துவிட்டாள். முன்னால் ஸ்ரியரிங். நிறம் சொன்னான், எஞ்சின் சொன்னான், சீற் சொன்னான். நாலு வருடத்தில் ஸ்ரியரிங் எந்தப் பக்கம் என்று மட்டும் அவன் சொல்லவே இல்லை.

"பிழையான பக்கம் ஏறிட்டனோ?"

"இல்லை. நீர் இரும்."

சுற்றி வரவில்லை அவன். திறந்த கதவால் தானே ஏறி, அந்தச் சீற்றில் இருந்தான். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். சிவமலர் ஸ்ரியரிங்கில் ஒரு கையை வைத்தபடி, மற்றக் கையால் அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"வெளிக்கிடேல்லையோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"கொஞ்ச நேரம் இருப்பம். இந்தச் சீற்றிலை நானும் ஒருநாளும் இருந்தனானில்லை."