நடுவில் பேசிய குரல்

மெட்ராஸிலிருந்து கடல் தாண்டிய தீவில், பத்துபஸ்தி என்ற இடத்தில் எனக்கு ஒதுக்கிய அரசுக் குடியிருப்பில் தொலைபேசி இருந்தது. அதில் குரல் கேட்பதுதான் அரிது. மழை பிடித்தால் இரைச்சல் ஏறிவிடும். கம்பியில் படர்ந்த கொடியை அறுப்பேன். பேட்டரியை மாற்றச் சொல்லி எக்ஸ்சேஞ்சுக்கு ஆள் அனுப்புவேன். லைன்மேன் வந்துபோன அன்று சரியாக இருக்கும். அடுத்த மழையில் பழைய கதைதான்.

மெட்ராஸிலிருந்து வயர்லெஸ் வழியாக வரும் டிரங்க் கால், எக்ஸ்சேஞ்ச் வரை ஓரளவு தெளிவாகவே வரும். அங்கிருந்து என் வீட்டுக்கு வருவதற்குள் தேய்ந்துவிடும். அங்கே ஆபரேட்டராக ஒரு பெண் இருந்தார். தீவிலேயே பிறந்தவர், வீட்டில் பேசியது இந்தி; தமிழ் அக்கம்பக்கத்தில் கற்றது. ஒருநாள், அப்பாவுக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று மெட்ராஸில் இருந்த தம்பியும் நானும் போனில் கத்திக்கொண்டிருந்தோம். அவர் குறுக்கே வந்தார்.

"சாப், நீங்க சொல்றது அவருக்குக் கேக்கல. நான் சொல்றேன்."

சொல்லவும் சொன்னார். எங்கள் வீட்டு விஷயம் ஓர் அந்நியர் வாயில் புரண்டது எனக்குக் கூசியது. ஒட்டுக்கேட்கிறார் என்று அவருடைய மேலதிகாரிக்குப் புகார் எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், காரமாக.

ஆபரேஷன் நடந்த அன்று விடாத மழை. மாலையில் மணி அடித்தது. தம்பியின் குரல்தான். ஆனால் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அழுகிறான் போலிருந்தது. "அப்பா எப்படிடா இருக்கார்?" என்று திரும்பத் திரும்பக் கத்தினேன்.

"சாப், நடுவுல பேசக் கூடாதுன்னு எனக்கு வார்னிங் குடுத்திருக்காங்க" என்றது அவர் குரல். "உங்க கம்ப்ளைன்ட்தான், மாலூம் ஹை, எனக்குத் தெரியும். இப்ப பேசினா மறுபடி எழுதுவீங்களா?"

"எழுத மாட்டேன். சொல்லும்மா, ஏன் அழறான்?"

"அரே, அழல சாப், சிரிக்கிறாரு! அப்பா கண்ணு முழிச்சாச்சு. காபி குடுக்கலன்னு நர்ஸோட லடாய் பண்றாராம்."

அவர் தம்பியிடம் சொல்வது கேட்டது: "கொஞ்சம் இருங்க பையாஜி. இங்க அண்ணன்தான் அழறாரு."

மறுநாளே புகாரைத் திரும்பப் பெற்றிருக்கலாம். அதற்கு நான் எழுதியது தவறு என்று கையெழுத்திட வேண்டும். செய்யவில்லை. அந்த எச்சரிக்கை தலைமேல் தொங்க, என் மாற்றல் வரை ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவர் எங்களுக்காகப் பேசினார். "எழுத மாட்டீங்களே, சாப்?" என்று முதலில் கேட்பார். நான் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரிப்பேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒரு பெண் கேட்ட கேள்வி அது. கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அவர் பேசத் தொடங்கிவிடுவார்.