நாற்பது கிணறுகளும் இரண்டாவது டிஸ்க்கும்

மாமி ஏறக்குறைய மூன்று வருடமாகச் சேர்த்திருந்த கிணற்று அளவுகள் முழுவதையும் ஒரு பின்னேரத்தில் நான் அழித்தேன். அழித்தது அவசரத்தால். பழி என் அண்ணையின் மேல் விழுந்தபோது வாய் திறக்காமல் இருந்தது அவசரத்தால் அல்ல. முதலாவதற்கு வயது பதின்மூன்று என்று சாட்டுச் சொல்லலாம். இரண்டாவதற்குச் சாட்டு இல்லை.

மாமி அப்பாவின் தங்கை. விவசாயக் கந்தோரில் வேலை. சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். மாதத்தின் முதற் கிழமை முழுவதும் சைக்கிளில் போய் நாற்பது கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து வருவார். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், மிளகாய் வைத்துவிட்டுத் தலையில் கை வைக்கும் நிலை தோட்டக்காரருக்கு வராது என்பது அவருடைய எண்ணம். அதற்கு விடுபடாத மூன்று வருட அளவு வேண்டும். இன்னும் இரண்டே மாதம் இருந்தது.

எழுதும் கொப்பிக்கும் தட்டுப்பாடான போர்க்காலம். மாமி பென்சிலால் குறித்து வருவார். கணினியில் ஏற்றியதும் அந்தக் கொப்பியை அழிறப்பரால் அழித்து அடுத்த மாதத்துக்கு வெள்ளையாக்குவது என் வேலை. ஆகவே அளவுகள் இருந்த இடம் அந்தக் கணினி ஒன்றுதான்.

மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. கணினிக்கு உயிர் கொடுத்தது அண்ணையின் ஜெனரேற்றர். நாலு துளி பெற்றோலில் அதை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார். ஊரில் அவரைப் போல அதை எழுப்ப ஆளில்லை என்று அவருக்கே ஒரு பெருமை.

கணினியின் டிஸ்க் நிரம்பிவிட்டது. இடம் எடுப்பதற்காக மாமி என்னுடைய ஒரேயொரு விளையாட்டை அழித்திருந்தார். இரண்டாவது டிஸ்க் வந்ததும் திரும்பப் போடலாம் என்று சொல்லியிருந்தார். அது கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவரின் உடுக்கும் சாரத்துக்குள் சுற்றப்பட்டு வந்து சேர்ந்தது. யாரோ பாவித்த டிஸ்க். கூடவே அதைக் கணினிக்குள் பூட்டும் முறை எழுதிய கடதாசி. ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக இருந்து பூட்டுவோம் என்றார் மாமி.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் கந்தோரால் இன்னும் வரவில்லை. அண்ணை பின்வளவில் அயலவரின் பற்றரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் கணினியின் மூடியைக் கழற்றினேன்.

ஒவ்வொரு டிஸ்க்கின் முதுகிலும் நகத்தளவு தொப்பி ஒன்று உண்டு. அதைச் செருகும் இடத்தைப் பொறுத்துத்தான் எது முதலாவது, எது இரண்டாவது என்று கணினி அறியும். வீட்டுக்கு வந்தவரை முன்னுக்கு இருத்துவது எங்கள் ஊர் வழக்கம். புதிதாக வந்த டிஸ்க்கையும் நான் முன்னுக்கு இருத்தினேன். முதலாவதுக்குக் கணினி வைக்கும் பெயர் சி, இரண்டாவதுக்கு டி. கடதாசியிலோ டியைத் துடைத்துத் தயார் செய்யும்படி எழுதியிருந்தது. எழுதியவர் புதியது பின்னுக்கு இருக்கும் என்று நம்பியிருந்தார்.

டியைத் துடைக்கச் சொன்னேன். உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. ஜெனரேற்றர் இருமத் தொடங்கியிருந்தது, எண்ணெய் முடியப் போகிறது. சம்மதம் என்றேன்.

சியைத் திறந்து பார்த்தபோது யாரோ முன்பின் தெரியாதவரின் கடிதங்கள் இருந்தன. நான் துடைத்தது மாமியின் டிஸ்க்கை என்று அப்போதுதான் விளங்கியது. புதிய டிஸ்க்கைக் கழற்றிச் சாரத்துக்குள் சுற்றினேன், மூடியைப் பூட்டினேன்.

அடுத்த நாள் மாமி போட்டபோது கணினி எழும்பவில்லை. அண்ணை பெற்றோலைக் கூட விட்டுக் கரண்ட் துள்ளி டிஸ்க் பழுதாகியிருக்கும் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். மாமி அண்ணையைப் பாராமல் உள்ளே போனார்.

பத்து நாள் அண்ணை அந்த ஜெனரேற்றரைக் கழற்றிப் பூட்டினார். ஒவ்வொரு ஆணியையும் மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கில் பரப்பி, இல்லாத பிழையைத் தேடினார். பதினோராம் நாளும் அவர் சாக்கை விரித்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணை, உதிலை பிழை இல்லை."

"அப்ப எதிலை?"

"என்னிலை."

நடந்ததைக் கேட்டு முடிந்ததும் அண்ணை கையைத் துடைத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "மாமியிட்டை நீயே போய்ச் சொல்லு. நான் கூட வரமாட்டன்" என்றார்.

மாமி முழுவதையும் கேட்டார்.

"ஓமெண்டு அமத்த முதல் திரையிலை கேட்டதை வாசிச்சனியோ?"

"வாசிச்சனான்."

"விளங்கினதோ?"

"விளங்கினது. எண்ணெய் முடியப்போகுதெண்டு..."

"சரி" என்றார். முதலில் பின்வளவுக்குப் போய் அண்ணையுடன் கதைத்துவிட்டு வந்தார்.

அந்தப் பள்ளிக்கூட விடுமுறை முழுவதும் நான் கொப்பியோடு நாற்பது வளவுகளுக்கும் போனேன். போன மாதங்களின் தண்ணீரை இனி அளக்க முடியாது, ஆனால் சனத்துக்கு ஞாபகம் இருக்கும். "போன சித்திரையோ? மேள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குச் சமைக்கேக்கை வாளிக் கயித்திலை ரண்டு முழம் கூடக் கட்டினனாங்கள். எழுது தம்பி" என்றார் ஒரு பெண். இன்னொரு வீட்டில் ஐயா மனைவியைக் காட்டிச் சிரித்தார். "உப்புக் கூடின மாசம் உவவுக்குத்தான் தெரியும். தேத்தண்ணி சரியில்லையெண்டு நான் சொல்ல, மூண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை."

தேத்தண்ணிச் சண்டையை வாசித்த மாமி வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு டிஸ்க்குகளையும் நாங்கள் சேர்ந்து முறையாகப் பூட்டினோம். ஆனால் நான் கொண்டுவந்தவற்றை மாமி தனியொரு கோப்பில் வைத்தார். இனி அளக்கப் போகிறவற்றுக்கு வேறொரு கோப்பு. இரண்டையும் சேர்த்தால் மூன்று வருடமும் நிரம்பிவிடுமே என்று கெஞ்சினேன்.

"நீ கொண்டுவந்தது சனம் சொன்னது. இது அளந்தது. ரண்டும் வேணும். கலக்கக் கூடாது."

மாமி முதலாம் மாதத்திலிருந்து மீண்டும் தொடங்கினார். அளக்கப் போன இடங்களில், நான் கேட்டுத் திரிந்ததன் பிறகு சிலர் தாங்களாகவே வாளிக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார்கள். நான் கேட்கப் போகாத வீட்டுக்காரர் இருவர் தங்கள் கிணற்றையும் சேர்க்கச் சொன்னார்கள்.

அந்த மாத அளவுகளோடு வந்த மாமி கணினிக்கு முன்னால் இருந்த கதிரையை விட்டு எழும்பி, "இதிலை இரு. இனிமேல் அளவுகளை நீதான் அடிக்கவேணும்" என்றார். வெளியே அண்ணை ஜெனரேற்றரை எழுப்பினார். நாற்பத்திரண்டு கிணறுகளையும் ஒவ்வொன்றாக அடித்து முடித்தேன். அதற்குப் பிறகும் மாதந்தோறும் நான்தான் அடித்தேன். மாமி திரும்பச் சரிபார்த்ததே இல்லை. நான் செய்ததற்கு இதுதான் தண்டனை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.