காத்தாயிக்கு எட்டாத பாத்திரம்

என் வீட்டுக்காரர் நல்லையா, இலங்கையில் பலாபத்வலைப் பக்கத்துத் தோட்டக் கோயிலில் பதினெட்டு வருஷம் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கத்தைக் கேட்டால், ஆண்டவர் தள்ளிவிடுகிற ஆளே பூமியில் கிடையாது. திங்கட்கிழமை அதே மனுஷனுக்கு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் பாதிப் பேர் ஆகாது.

மாதம் ஒரு தடவை மாத்தளையிலிருந்து போதகர் வந்து திருவிருந்து கொடுப்பார். எல்லோரும் முழங்கால் போட்டு ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்போம். வரிசையில் கடைசி ஆள் காத்தாயி, லயத்துக் கக்கூஸ் கழுவுகிறவள். ஞானஸ்நானத்தில் மார்த்தாள் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரைச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு அப்பம் கிடைக்கும். ரசம் மட்டும் அவளிடம் வரும்போது சரியாகத் தீர்ந்துபோகும்.

எப்படித் தீராமல் இருக்கும்? கூஜாவில் அளந்து ஊற்றிவைக்கிறவர் இவர்தானே! காத்தாயி வாய் வைத்த பாத்திரத்தை அடுத்த மாதம் தொடவே மாட்டேன் என்று, தோட்டத்தில் ஆள் மேய்க்கிற ஆசீர்வாதம் கங்காணி சொல்லிவிட்டார். இவரும் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டால் வேதத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்.

"எல்லாரும் வாங்கன்னு இருக்கு, வாஸ்தவந்தான். கல்யாணச் சட்ட போடாம வந்தவன வெளிய தள்ளுனதும் அதே வேதத்துலதான் இருக்கு."

"அவன் கக்கூஸ் கழுவுனான்னா தள்ளுனாங்க?"

"ஒனக்கு ஒரு எழவும் தெரியாது. சும்மா கெட."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுஷரைச் சேர்க்கவும் வேதம், விலக்கவும் வேதம் என்றால் இவருக்கு எதற்கு அங்கி?

அறுபத்தொன்பதாம் வருஷம், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தப்படி காத்தாயிக்கும் பாஸ்போர்ட் வந்தது. வாசலுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"செவ்வாக்கெழம கப்பலுக்குப் போறோம்ங்க. இந்த ஞாயித்துக்கெழம ஒரு வாய் ரசம் குடிச்சிட்டுப் போயிர்றேன்ங்க. மேசைக்குக் கீழ விழுற துணிக்க நாய்க்குட்டிக்கும் உண்டுன்னு ஐயாதானே கத சொன்னீங்க. பன்னெண்டு வருசமா துணிக்க தின்னாச்சுங்க."

"ஆகட்டும், பாப்போம்" என்றார்.

அவருடைய 'பாப்போம்' எனக்குத் தெரியாதா? ஞாயிறு காலை அவர் மணியடிக்கப் போன நேரம் பார்த்து, கூஜாவில் ரசத்தைக் கழுத்துமட்டும் ஊற்றிவைத்தேன்.

அன்றைக்குப் பாத்திரம் காத்தாயிவரைக்கும் போனது. இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். கங்காணியின் முகம் கறுத்துப்போனது. எனக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

ஆனால் மிச்ச ரசத்தைக் கீழே ஊற்றக் கூடாது, உபதேசியார்தான் குடித்து முடிக்க வேண்டும். அது எங்கள் கோயில் முறை. அதை நான் யோசிக்கவே இல்லை, பாழாய்ப்போன புத்தி! போதகர் பாத்திரத்தை இவரிடம் நீட்டினார்.

"வயிறு சரியில்லீங்கய்யா" என்றார்.

காலையில்தான் நாலு ரொட்டி தின்ற வயிறு! காத்தாயி இன்னும் முழங்காலில்தான் இருந்தாள். அவள் காதில் விழுந்தது. முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

நான் எழுந்து போய் வாங்கிக் குடித்தேன். 

செவ்வாய்க்கிழமை அவள் போய்விட்டாள். அடுத்த மாதம் திருவிருந்தன்று பார்க்கிறேன், காத்தாயி வாய் வைத்த பாத்திரம் புளி போட்டு விளக்கிப் பளபளவென்று இருக்கிறது. பக்கத்தில் கூஜா நிறைய ரசம். இரண்டும் அவர் வேலைதான்.

"இவ்வளவு எதுக்கு?" என்றேன்.

"யாருக்கும் கொறையக் கூடாதுல்ல" என்றார்.